அடிவயித்து வலின்னு வர்ற பொண்ணுக்கு பிஐடியான்னு எப்படி கண்டுபிடிக்கறாங்க, எச்ஐவி இருந்தா அதுல என்ன மாறுது

லேடீஸ் ஓபில ஸ்டாஃப் நர்ஸா பல வருஷம் நின்னவ நான். அங்க காலைல இருந்து மத்தியானம் வரைக்கும் காதுல விழற பேச்சு ஒண்ணுதான், "அடிவயிறு வலிக்குது சிஸ்டர், வெள்ளையும் படுது". இதுக்கு முன்னாடி என்ன பண்ணீங்கன்னு கேட்டா, சூட்டு வலின்னு நெனச்சு வெந்தயம் முழுங்கினேன், எளநி குடிச்சேன், தொப்புள்ல வெளக்கெண்ண வச்சேன், அப்புறம் மெடிக்கல்ல சொல்லி ரெண்டு மாத்திர வாங்கிப் போட்டேன்னு வரிசையா சொல்லுவாங்க, அதுக்குள்ள பத்துப் பதினஞ்சு நாள் ஓடிப் போயிருக்கும். அந்தப் பத்து நாளுக்குள்ள உள்ள என்ன நடந்திருக்கும்னு நெனச்சாலே எனக்கு மனசு அடிச்சுக்கும், அதான் இதப் பத்தி விவரமா எழுதணும்னு தோணுச்சு.

பிஐடின்னா பெல்விக் இன்ஃப்ளமேட்டரி டிசீஸ். கர்ப்பப்பை வாய்ல இருக்கற கிருமி மேல ஏறி கர்ப்பப்பையோட உள்சுவர், கருக்குழாய், ஓவரி, சில பேருக்கு அதைச் சுத்தியிருக்கற வயித்துச் சவ்வு வரைக்கும் போயி புண்ணாக்கிடறது. கொனோரியா, கிளமிடியா ரெண்டும் இதுக்குப் பேர் போன கிருமிங்க, மைக்கோபிளாஸ்மா ஜெனிடேலியம்னு இன்னொண்ணும் இருக்கு. ஆனா இப்ப டெஸ்ட் பண்ணிப் பாத்தா பிஐடி வந்தவங்கள்ல பாதிப் பேருக்கும் கம்மியாத்தான் கொனோரியாவோ கிளமிடியாவோ பாசிடிவ் வருது. மத்தவங்களுக்கு பிறப்புறுப்புப் பாதையில ஏற்கனவே குடியிருக்கற பாக்டீரியா, ஸ்ட்ரெப்டோகாக்கஸ், குடல்ல இருக்கற ஈ.கோலைன்னு ஒரு கூட்டமே சேந்து பண்ற வேலையா இருக்கும். அதனால ரெண்டு விஷயம் மனசுல வச்சுக்கணும். டெஸ்ட் நெகடிவ்னு வந்தா பிஐடி இல்லன்னு அர்த்தம் கிடையாது. இன்னொண்ணு, பிஐடின்னு ஒரு சீட்டுல எழுதியிருக்கறதப் பாத்துட்டு வீட்ல புருஷன் பொண்டாட்டி ஒருத்தர ஒருத்தர் சந்தேகப்பட்டு சண்ட போட்டுக்கறாங்க பாருங்க, அந்த ஒரு வார்த்தைய வச்சு யாரோட நடத்தையையும் முடிவு பண்ண முடியாது.

கருக்குழாயோட உள்வழி நூலு நுழையற அளவுக்குத்தான் இருக்கும், அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத மயிர் மாதிரி நுணுக்கமான இழைங்க அசஞ்சு அசஞ்சுதான் கருமுட்டையத் தள்ளிக்கிட்டுப் போகும். அங்க புண்ணு வந்து ஆறினா தழும்பாத்தான் ஆறும், உள்வழி ஒட்டிக்கும், இழை போயிடும். சுவீடன்ல லுண்ட் ஊர்ல வெஸ்ட்ரோம்னு ஒரு டாக்டர் வருஷக்கணக்கா இந்தப் பொண்ணுங்களப் பின்தொடர்ந்து 1992ல கணக்குக் குடுத்தாரு, ஒரு தடவ வந்தவங்கள்ல கருக்குழாய் அடச்சு குழந்த இல்லாமப் போனது 8 சதவீதம், ரெண்டு தடவ வந்தா 19.5, மூணு தடவன்னா 40. அதே ஊர்ப் பொண்ணுங்கள வச்சு அடுத்த வருஷமே இன்னொரு ஆய்வு வந்துச்சு, வலி ஆரம்பிச்சு மூணு நாளைக்கு மேல தள்ளிப் போட்டு வந்தவங்களுக்கு, சீக்கிரம் வந்தவங்களவிட குழந்த தரிக்கறதுல சிக்கல் சுமார் ரெண்டரை மடங்கு. மூணு நாள்தான். நம்ம வெந்தயக் கணக்கு இதுல எங்க நிக்குதுன்னு நீங்களே பாத்துக்கோங்க.

சரி, எப்படி கண்டுபிடிக்கறாங்க. ரத்தம் எடுத்து ஒரு மிஷின்ல போட்டா ஆமா இல்லன்னு சொல்ற டெஸ்ட் எதுவும் இந்த நோய்க்குக் கிடையாது, இங்கதான் எல்லாருக்கும் குழப்பம். இது டாக்டரோட விரல் நுனியில கண்டுபிடிக்கற நோய். மேஜ மேல படுக்க வச்சு, திரை இழுத்து, முதல்ல ஸ்பெகுலம்னு உள்வழிய விரிச்சுக் காட்டற கருவிய வச்சு கர்ப்பப்பை வாயப் பாப்பாங்க, அதுல மஞ்சளா சீழ் மாதிரி வழியுதா, பஞ்சு பட்டதுமே ரத்தம் கசியுதான்னு. அப்புறம் கையுறை போட்ட ரெண்டு விரல் உள்ள, இன்னொரு கை அடிவயித்து மேல. கர்ப்பப்பை வாய விரலால லேசா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அசைப்பாங்க, அவ்வளவுதான். அந்த நேரம் நான் வயித்தப் பாக்க மாட்டேன், அந்தப் பொண்ணோட முகத்தத்தான் பாப்பேன். சாதாரணமா இருந்தா ஒரு கூச்சம், ஒரு சுளிப்பு, அதோட போயிடும். பிஐடியா இருந்தா இடுப்பு தன்னால மேஜய விட்டு எழும்பும், என் கைய இறுக்கிப் பிடிப்பாங்க, வளையல் தோல்ல பதியற அளவுக்கு. படிச்ச டாக்டருங்க இதுக்கு சான்டிலியர் சைன்னு பேர் வச்சிருக்காங்க, வலியில துள்ளி மேல தொங்கற சரவிளக்கையே பிடிச்சுடுவாங்கன்னு. எனக்கு அந்தப் பேரு என்னைக்கும் பிடிச்சதில்ல.

அமெரிக்க அரசோட நோய்த் தடுப்பு மையம் சிடிசி வச்சிருக்கற அளவுகோல் இதுதான். உடலுறவு வாழ்க்கையில இருக்கற பொண்ணு, அடிவயித்துல வலி, அதுக்கு வேற காரணம் எதுவும் தெரியல, கூடவே கர்ப்பப்பை வாய அசைச்சா வலி, இல்ல கர்ப்பப்பைய அமுக்கினா வலி, இல்ல பக்கத்துல கருக்குழாய் ஓவரி இருக்கற எடத்த அமுக்கினா வலி, இந்த மூணுல ஏதாவது ஒண்ணு இருந்தாப் போதும், மருந்த ஆரம்பிச்சுடுங்க. ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். காய்ச்சல் 38.3 டிகிரி செல்சியஸுக்கு மேல இருக்கறது, சீழ் மாதிரி வெள்ளை, உடம்புல அழற்சி இருக்கான்னு காட்டற ஈஎஸ்ஆர், சிஆர்பி ரத்த டெஸ்ட் ஏறியிருக்கறது, கொனோரியா கிளமிடியா பாசிடிவ் வர்றது, இதெல்லாம் சந்தேகத்த உறுதிப்படுத்தற விஷயம், இதெல்லாம் இல்லங்கறதுக்காக நோயே இல்லன்னு தள்ளிவிட முடியாது. நிறையப் பேரு காய்ச்சல் இல்லையே, அப்ப இது ஒண்ணும் பெருசா இருக்காதுன்னு சொல்லி அனுப்பிடறாங்க, அது தப்பு.

இதுல ரொம்ப சிக்கனமான, ஆனா யாரும் மதிக்காத ஒரு டெஸ்ட் இருக்கு. வெள்ளைய ஒரு துளி எடுத்து சலைன்ல கலந்து கண்ணாடி ஸ்லைடுல வச்சு மைக்ராஸ்கோப்ல பாக்கறது. பிஐடி இருந்தா வெள்ளையணு குவியல் குவியலா, உளுந்த இறச்ச மாதிரி தெரியும். கர்ப்பப்பை வாயும் சுத்தமா இருக்கு, ஸ்லைடுலயும் வெள்ளையணுவே இல்லன்னா பிஐடியா இருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி, வேற காரணத்தத் தேடணும். பத்து நிமிஷத்துல, பெரிய செலவில்லாம, ஒரு பெரிய கேள்விக்குப் பதில் கிடைக்குது. இதோட யூபிடி கார்டு, அதாவது சிறுநீர்ல கர்ப்பமான்னு பாக்கற டெஸ்ட், கட்டாயம், ஏன்னா கருக்குழாயில கரு தங்கியிருந்தாலும் இதே வலிதான், அத விட்டா உயிரே போகும். அப்பெண்டிக்ஸ், ஓவரி முறுக்கிக்கிட்டது, கட்டி வெடிச்சது, எண்டோமெட்ரியோசிஸ், நீர்க்கடுப்பு, எல்லாமே வந்து நிக்கற எடம் அதே அடிவயிறுதான்.

அப்ப டாக்டர் விரல் எவ்வளவு தூரம் சரியாச் சொல்லும்? இதுக்கும் லுண்ட்லயே பதில் இருக்கு. 1969ல யாக்கப்சன், வெஸ்ட்ரோம் ரெண்டு பேரும், பிஐடின்னு சந்தேகப்பட்ட 814 பேருக்கு லேப்ராஸ்கோபி, அதாவது வயித்துல சின்னத் துளை போட்டு உள்ள குழாய் விட்டுப் பாக்கறது, போட்டு நேரடியா கருக்குழாயப் பாத்தாங்க. 65 சதவீதம் பேருக்குத்தான் உண்மையிலயே குழாய் வீங்கி சிவந்திருந்துச்சு, 12 சதவீதத்துக்கு வேற நோய், மீதி 23 சதவீதத்துக்கு உள்ள எதுவுமே இல்ல. அதாவது மூணு பேருக்கு பிஐடின்னு சொன்னா ஒருத்தருக்கு இருக்காது. இதக் கேட்டதும் அப்ப எதுக்கு கண்ண மூடிக்கிட்டு மருந்து குடுக்கணும்னு தோணும். தேவையில்லாம ரெண்டு வாரம் ஆன்டிபயாடிக் சாப்பிட்டா வாய் கசக்கும், வயிறு பொரட்டும், அதோட போகும். தேவைப்பட்டவளுக்குக் குடுக்காம விட்டா கருக்குழாய் போயிடும், அது திரும்ப வராது. இந்த ரெண்டு தராசுத் தட்டையும் பாத்துட்டுத்தான் சந்தேகம்னாலே மருந்து குடுன்னு வச்சிருக்காங்க, எனக்கும் இதுதான் நியாயமாப் படுது. லேப்ராஸ்கோபி எல்லாருக்கும் போட முடியாது, போட்டாலும் கர்ப்பப்பை உள்சுவர்ல மட்டும் இருக்கற புண்ணு அதுல தெரியாது, அதுக்கு பயாப்ஸி எடுக்கணும். பிறப்புறுப்பு வழியா எடுக்கற டிவிஎஸ் ஸ்கேன்ல குழாய் தடிச்சு தண்ணி கட்டியிருந்தா, குறுக்க வெட்டிப் பாக்கும்போது பல்சக்கரம் மாதிரி தெரிஞ்சா பிஐடிதான்னு சொல்லிடலாம், ஆனா ஆரம்பத்துல ஸ்கேன் நார்மலா இருக்கறதும் சகஜம்.

இப்ப எச்ஐவிக்கு வர்றேன். ஏற்கனவே எச்ஐவி இருக்கற பொண்ணுக்கு பிஐடி வந்தா வேற மாதிரி வருமா, வேற மாதிரி தேடணுமா? இந்தக் கேள்விக்குச் சரியான பதில் கென்யாவுல நைரோபில இருந்து வந்துச்சு. அதுக்கு முன்னாடி அமெரிக்க ஆஸ்பத்திரிகள்ல இருந்து வந்த சின்னச் சின்ன ஆய்வுகள்ல, எச்ஐவி உள்ளவங்களுக்கு ஆபரேஷன் தேவைப்படறது அதிகம்னு சொல்லிட்டிருந்தாங்க. 1998ல வெளியான நைரோபி ஆய்வுல வெறும் சந்தேகத்த வச்சுப் பேசல, லேப்ராஸ்கோபி போட்டு கருக்குழாய் புண்ணு உறுதியான 133 பேர எடுத்துக்கிட்டாங்க, அதுல 52 பேருக்கு எச்ஐவி. சீழ் கட்டி, அதாவது கருக்குழாயும் ஓவரியும் சேந்து ஒரு சீழ்ப்பை மாதிரி ஆகறது, எச்ஐவி உள்ளவங்கள்ல 33 சதவீதம் பேருக்கு இருந்துச்சு, இல்லாதவங்கள்ல 15. எதிர்ப்பு சக்தி எறங்கினவங்களுக்கு அது இன்னும் அதிகம்.

அதுக்கப்புறம் வந்த ஆய்வுகளையும் சேத்துப் பாத்தா படம் தெளிவாகுது. வலி அதே வலிதான், அசைச்சா துள்றதும் அதேதான், அளவுகோலும் அதேதான், எச்ஐவிக்குன்னு தனி அளவுகோல் எதுவும் தேவையில்ல. கிருமியும் பெரும்பாலும் அதே கிருமி, மைக்கோபிளாஸ்மா ஹோமினிஸும் ஸ்ட்ரெப்டோகாக்கஸும் கொஞ்சம் கூடுதலா கிடைச்சுது, அவ்வளவுதான். மருந்துக்கு ரெண்டு தரப்பும் ஒரே மாதிரிதான் கேக்குது. 1990கள்ல எச்ஐவி இருந்தாலே பிஐடிக்கு அட்மிட் பண்ணிடணும்னு எழுதி வச்சிருந்தாங்க, இப்ப அப்படி இல்ல, எச்ஐவி ஒண்ண மட்டும் காரணமா வச்சு பெட்ல போட வேண்டியதில்ல. மாறற ஒரே பெரிய விஷயம் அந்த சீழ்கட்டி. அதனால எச்ஐவி உள்ள பொண்ணுக்கு பிஐடின்னு சந்தேகம் வந்தா ஸ்கேன நாளைக்குப் பாத்துக்கலாம்னு தள்ளக் கூடாது.

ரத்த டெஸ்ட்டும் இவங்ககிட்ட ஏமாத்தும். எச்ஐவி இருந்தா பல பேருக்கு வெள்ளையணு எண்ணிக்கையே கம்மியாத்தான் இருக்கும், சில மாத்திரையும் அத எறக்கும், அதனால உள்ள சீழ் கட்டியிருந்தாக்கூட டோட்டல் கவுண்ட் நார்மல்னு வரும். ஈஎஸ்ஆர் நேர்மாறு, ரத்தசோகையாலயும் ரத்தத்துல இருக்கற புரதம் மாறறதாலயும் நோய் ஒண்ணும் இல்லாதப்பவே ஏறி நிக்கும். ஒண்ணு ஏறவேண்டிய எடத்துல ஏறாது, இன்னொண்ணு எப்பவும் ஏறியே இருக்கும், ரெண்டையும் நம்ப முடியாது. அப்புறம் நம்ம ஊர்ல மறக்கவே கூடாத ஒண்ணு டிபி. கர்ப்பப்பை டிபி பெரும்பாலும் கருக்குழாயத்தான் முதல்ல பிடிக்கும், மெதுவா வரும், காய்ச்சல் பெருசா இருக்காது, மாதவிடாய் கொறஞ்சுக்கிட்டே வரும், வலி வரும் போகும். எச்ஐவி உள்ளவங்களுக்கு டிபி வர்ற ஆபத்து பல மடங்கு அதிகம்ங்கறதால, ரெண்டு வாரம் மருந்து சாப்பிட்டும் அடங்காத பிஐடின்னா கர்ப்பப்பை உள்சுவர்ல சதை எடுத்து டிபிக்கு அனுப்பறதுதான் சரி. மறுபடி அதே ஆன்டிபயாடிக்க எழுதறது பிரயோஜனமில்ல.

இந்த நோயக் கணக்குல சேக்கறதுக்கே ஒரு போராட்டம் நடந்திருக்குங்கறது நெறையப் பேருக்குத் தெரியாது. 1980கள்ல அமெரிக்காவுல எய்ட்ஸ்னா என்னென்ன நோய்னு சிடிசி ஒரு பட்டியல் வச்சிருந்துச்சு, அது முக்கியமா ஆம்பளைங்களப் பாத்து எழுதினது. எச்ஐவி உள்ள பொண்ணுங்களுக்கு விடாம வர்ற பிஐடி, பிறப்புறுப்புல அடங்காத பூஞ்சத் தொற்று, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் எதுவும் அதுல இல்ல. பட்டியல்ல இல்லாத நோய்ல படுத்தா எய்ட்ஸ் கெடையாது, எய்ட்ஸ் இல்லன்னா அரசாங்க உதவிப் பணம் சுலபமாக் கெடைக்காது, இப்படி எழுந்து நடக்க முடியாத நெலமயில இருந்தவங்க விண்ணப்பம் தள்ளுபடி ஆச்சு. டெர்ரி மெக்கவர்ன்னு ஒரு வக்கீல் 1990ல அரசாங்கத்து மேல கேஸ் போட்டாங்க, எய்ட்ஸ் நோயாளிங்களுக்காகப் போராடற ஆக்ட் அப் இயக்கத்துக்காரங்க ரோட்ல எறங்கினாங்க. கத்ரீனா ஹாஸ்லிப்னு ஒருத்தங்க, நியூயார்க் ஜெயில்ல இருந்தப்பவே எச்ஐவி உள்ள பொண்ணுங்களுக்காகக் குழு அமச்சவங்க, வெளிய வந்ததும் இதே போராட்டத்துல நின்னாங்க. 1993 ஜனவரி 1ல இருந்து புது வரையறை அமலுக்கு வந்துச்சு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் எய்ட்ஸ் பட்டியல்ல ஏறுச்சு, பிஐடி, முக்கியமா சீழ்கட்டியோட வர்ற பிஐடி, எச்ஐவியோட சேந்த நோய்னு பி பிரிவுல எழுதப்பட்டுச்சு. பிஐடி வந்தாலே எய்ட்ஸ்னு இதுக்கு அர்த்தம் இல்ல, இதுவும் கணக்குல வர்ற நோய்னு ஒத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம். கத்ரீனா 1992 டிசம்பர்லயே செத்துப் போயிட்டாங்க.

நம்ம பக்கம் நடைமுறை என்னன்னா, அரசு ஆஸ்பத்திரில இருக்கற சுகவாழ்வு மையத்துக்குப் போனா அடிவயித்து வலிக்குன்னு தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு நேக்கோ வகுத்த மஞ்சக் கலர் கிட், ஆறாம் நம்பர், இலவசமாக் குடுப்பாங்க. செஃபிக்ஸிம் ஒரே ஒரு தடவ மட்டும், டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் தெனம் ரெண்டு வேளை, மெட்ரோனிடஸோல் 400 மில்லிகிராம் தெனம் ரெண்டு வேளை, இது ரெண்டும் பதினாலு நாள். மாசமா இருக்கறவங்களுக்கு இது கெடையாது, அவங்கள அட்மிட் பண்ணித்தான் பாக்கணும். வலி நின்னுடுச்சுன்னு அஞ்சாம் நாளே மாத்திரைய பாத்ரூம் மாடத்துல வச்சுட்டு மறந்துடறவங்க அதிகம், தயவு செஞ்சு பதினாலு நாளும் முடிங்க. கடைசி 60 நாள்ல கூட இருந்த துணைக்கும் மருந்து குடுக்கணும், அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லன்னாலும். பிஐடின்னு சந்தேகம் வந்த எல்லாருக்கும் எச்ஐவி, சிபிலிஸ் டெஸ்ட் சொல்லணும், நம்பிக்கை மையத்துல எச்ஐவி டெஸ்ட்ட விவரம் சொல்லி, சம்மதம் கேட்டு, காசு வாங்காம எடுப்பாங்க. பல பொண்ணுங்களுக்குத் தனக்கு எச்ஐவி இருக்குங்கறதே இந்த மாதிரி ஒரு அடிவயித்து வலியாலதான் தெரிய வருது.

ஆனா இவ்வளவு அளவுகோலும் ஒரு எடத்துல வந்து முட்டி நிக்குது. விரல் வச்சுப் பாத்தாத்தான் தெரியற நோய் இது, எச்ஐவின்னு சீட்டுல எழுதியிருந்தா அந்த விரல்தான் முதல்ல பின்வாங்குது. இத நான் யார்கிட்டயும் கேட்டுச் சொல்லல. நான் வேல பாத்த ஒரு எடத்துல, எச்ஐவிய அடக்கி வைக்கற ஏஆர்டி மாத்திர ஒழுங்கா சாப்பிட்டுக்கிட்டிருந்த ஒரு பொண்ணு, முப்பது வயசுகூட இருக்காது, ஒரே மாசத்துல மூணு தடவ வந்தா. முதல் ரெண்டு தடவையும் அவ சீட்டப் பாத்ததும் கடைசில கூப்பிடறோம்னு உக்கார வச்சு, கடைசில கூப்பிட்டு, மேஜ மேல ஏத்தாமலே வலி மாத்திர எழுதி அனுப்பினாங்க. நானும் அங்கதான் நின்னேன், வாயத் தெறக்கல, அது இன்னும் என்ன அறுக்குது. கையுறையும் வழக்கமான சுத்தமும் எல்லாருக்கும் ஒண்ணுதான், இவளுக்குன்னு புதுசா எதுவும் செய்ய வேண்டியதில்ல. எச்ஐவி சட்டம் 2018 செப்டம்பர்ல அமலுக்கு வந்ததுல இருந்து இப்படி வைத்தியத்துல ஒதுக்கறதுக்கு சட்டப்படியே தடை இருக்கு.

மூணாவது தடவ வந்தப்ப புதுசா மாத்தலாகி வந்த டாக்டரம்மா இருந்தாங்க. சீட்டப் படிச்சாங்க, திரைய இழுக்கச் சொன்னாங்க, மேல ஏறும்மான்னாங்க. காய்ச்சல் லேசா இருந்துச்சு, 38கூட இல்ல. கவுண்ட் நார்மல். கர்ப்பப்பை வாய அசைச்சதும் அவ என் மணிக்கட்டப் பிடிச்ச பிடி, விரல் அஞ்சும் சிவப்பாப் பதிஞ்சுடுச்சு, சத்தம் மட்டும் வெளிய வரல, புடவ முந்தானைய வாயில அடச்சுக்கிட்டா. வலது பக்கம் அமுக்கினப்ப அங்க எலுமிச்சம்பழத்துக்கு மேல பெருசா ஒண்ணு தட்டுப்பட்டுதுன்னு டாக்டர் சொன்னாங்க, அன்னைக்கே ஸ்கேன் எடுத்ததுல சீழ்கட்டி.

அட்மிட் பண்ணி ஊசி வழியா மருந்து ஏத்தினாங்க. மருந்து ஆரம்பிச்சு 72 மணி நேரத்துக்குள்ள தேறலன்னா மறுபடி யோசிக்கணும், ஸ்கேன் திரும்ப எடுக்கணும், சீழ ஊசி வச்சு எடுக்கறதா ஆபரேஷனான்னு பாக்கணும், அதான் முறை, அது எச்ஐவி உள்ளவங்களுக்கும் இல்லாதவங்களுக்கும் ஒண்ணுதான். மூணு நாள் முடிஞ்சு ரவுண்ட்ஸ்ல அதே டாக்டரம்மா வந்து மறுபடி பரிசோதன பண்ணினாங்க. நான் வழக்கம்போல தலமாட்டுல நின்னு கைய நீட்டினேன். அவ பிடிக்கல, மேல சுத்தற ஃபேனப் பாத்துக்கிட்டே, முடிஞ்சுதா சிஸ்டர்னு கேட்டா.